யார் வரவில்லை என்று கேட்டவள்

எங்கள் வீட்டு மாடியில் கொஞ்ச காலம் ஒருத்தி குடியிருந்தாள். பெயரைச் சொல்லப்போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் பேசினாலே கூச்சப்படுகிறவள். அதோடு எங்கள் வீட்டில் அந்தப் பெயர் புழங்கவுமில்லை. அம்மா முதல் வாரமே 'மாடிப்புள்ள' என்று வைத்துவிட்டாள். அப்புறம் இஸ்திரி போடுகிறவர், தெருமுனைக் கடைக்காரர், கேஸ் கொண்டு வருகிறவர் எல்லாருக்கும் அவள் மாடிப்புள்ளதான். அவளும் போனில், "அம்மா, நான் மாடிப்புள்ள பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். இப்போதும் எப்போதாவது கடல் தாண்டி அப்படி ஒரு அழைப்பு வரும்.

அவளை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது முகம் இல்லை, மொட்டைமாடி. ஒத்தக்கடையில் எங்கள் மாடியில் ஏறி நின்றால் யானைமலை பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி அருகில் உட்கார்ந்திருக்கும். வெயில் இறங்கும்போது அந்தப் பாறை கொஞ்ச நேரம் செம்மண் நிறத்தில் இருக்கும், பிறகு ஊதாவாகும், பிறகு எங்கே போனது என்றே தெரியாமல் இருட்டில் கரைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முடி நாள். பாய் விரித்து உட்கார்ந்து, தலைமுடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எண்ணெய் தொட்டு, கண்ணாடி பார்க்காமல் விரலாலேயே பின்னிக்கொண்டிருப்பாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அந்த விரல்களைப் பார்ப்பாள். மேலூர் ரோட்டில் பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போகும். அந்தச் சாயங்காலங்களில் எது முன்னால், எது பின்னால் என்று பிரித்துச் சொல்ல இப்போது எனக்குத் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து முடியாத ஒரே சாயங்காலமாக இருக்கிறது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும், எத்தனை பேர் கூடியிருந்தாலும், எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "யாரு இன்னும் வரலை?" என்று கேட்பாள். அவள் தமிழில் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம் அதுதான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தண்ணி வேணும், பஸ் எங்க நிக்கும் என்று ஏதாவது கேட்பாள் என்று நினைத்திருந்தேன். இதைக் கேட்டு வாங்கி, நாள் முழுக்க வாய்க்குள் உருட்டிக்கொண்டு திரிந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் கேட்பாள். கல்யாண வீட்டில் கேட்பாள். ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்பாள். எங்கள் சபையில் உயர்வு தாழ்வு கிடையாது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சுவர் எதற்கு என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். மாடிப்புள்ள கேட்டாள். அம்மா பேச்சை மாற்றினாள்.

"வந்தவுகளுக்கு எலை போடவே ஆளக் காணோம், இவ வராதவுகள விசாரிக்கிறா" என்று அம்மா என்னிடம் முணுமுணுப்பாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் வருகைப் பதிவு எடுத்து ஓய்வு பெற்றவள் அம்மா. வராதவர்களைப் பற்றி விசாரிக்கிற உரிமை தனக்கு மட்டும்தான் என்று ஒரு எண்ணம் அவளுக்கு.

இந்தப் பழக்கத்தால் எங்கள் வீட்டிலேயே ஒரு கூத்து நடந்தது. என் தம்பி மகனுக்கு ஞானஸ்நான விருந்து. பந்தி நடக்கும்போது இவள் வழக்கம்போலக் கேட்டாள். நான் யோசிக்காமல், "எங்க மாமா வரலை" என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் தம்பி. கீழக்குயில்குடியில் இருக்கிறார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் விட்டுப்போனதிலிருந்து அம்மாவோடு பேச்சு வார்த்தை இல்லை. அச்சகத்துக்காரன் செய்த பிழை என்று அம்மா சொல்வாள். அக்கா செய்த பிழை என்று மாமா சொல்வார். அடுத்த சனிக்கிழமையே, சமணர் மலையில் ஏறி, பழைய துறவிகளின் கற்படுக்கைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி இவள் என்னை அழைத்துக்கொண்டு போனாள். மலையும் பார்த்தோம். அந்தக் கற்படுக்கையில் உள்ளங்கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கீழே தாமரைக்குளம் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. இறங்கியதும், "மாமா வீடு எங்க?" என்றாள்.

மாமா காபி கொடுத்தார். இவளோடு சிரித்துச் சிரித்துப் பேசினார். மறுவாரம் எங்கள் வீட்டுக்கே வந்தார். வந்து, நின்ற வாக்கிலேயே பத்திரிகைச் சண்டையை ஆரம்பத்திலிருந்து போட்டுவிட்டுப் போனார்.

"கேட்டியா, கூட்டிட்டு வந்தியா? இப்ப திருப்தியா?" என்றாள் அம்மா.

"ஆனா வந்தாருல்ல?" என்றாள் மாடிப்புள்ள. அவள் முகத்தில் அம்புட்டுச் சந்தோஷம். அம்மாவுக்குக் கோபத்தைத் தொடர முடியவில்லை.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லவில்லையே. நான் மதுரையில் ஒரு சின்ன டிரஸ்ட்டில் வேலை பார்த்தேன். கிராமத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, அவர்கள் மாட்டுப் பாலை, தோட்டத்துக் காயை அவர்களே நல்லபடியாக விற்க வழி பார்ப்பது எங்கள் வேலை. அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வருகிறாள், வியாபார நிர்வாகம் ஒரு பட்டம், அரசுக் கொள்கை ஒரு பட்டம், இரண்டையும் சேர்த்துப் படித்தவள், கொஞ்ச காலம் நம்மோடு வேலை செய்வாள் என்று டைரக்டர் சார் சொன்னார். நகருக்குள் நான் ஒரு வீடு பேசி வைத்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே பூரிப்பு. ஜன்னலுக்குப் புதுத் திரைகூடப் போட்டிருந்தார்.

ஆட்டோவிலிருந்து இவள் இறங்கினாள். உயரம். நல்ல கறுப்பு. வீட்டுக்காரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அமெரிக்கான்னு சொன்னீங்க?" என்றார்.

"ஆமாங்க, அமெரிக்காதான்."

"இல்ல, அமெரிக்கான்னா..." என்று இழுத்தார். அப்புறம் மச்சினர் குடும்பம் திடீரென்று வந்து தங்கப்போவதாகச் சொன்னார். அந்த அம்மாளும் கறுப்புதான். என்னைவிட ஒரு பிடி கூடுதல். எனக்கு உச்சந்தலை கொதித்தது. இவள் பெட்டியை ஆட்டோவுக்குள் திரும்பத் தூக்கி வைத்துக்கொண்டே, என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். "அந்த மச்சினரை எனக்குத் தெரியும்" என்றாள் ஆங்கிலத்தில். "எங்க ஊரிலும் நாங்க வீடு கேட்டுப் போனா அவர்தான் முந்திக்குவார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆட்டோ கிளம்பிய பிறகு வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அம்மாவுக்குப் போன் போட்டேன். "மாடி சும்மாத்தான கெடக்கு, கூட்டியா" என்றாள் அம்மா, வேறொன்றும் கேட்காமல்.

எதற்காக இரண்டு படிப்பு என்று ஒரு சாயங்காலம் மாடியில் கேட்டேன். பின்னிக்கொண்டிருந்தவள் விரலை நிறுத்தாமல் சொன்னாள். அவள் ஊர் அமெரிக்காவின் தெற்கில், ஒரு பெரிய ஆற்றை ஒட்டி. ஊருக்கு நடுவில் ரயில் பாதை. நகராட்சிக் குழாய் தண்டவாளம் வரைக்கும் வந்து நின்றுவிட்டதாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஆட்கள். குழாய் இல்லாததால் கடை வைக்க யாரும் வரமாட்டார்கள். கடை இல்லாத பக்கத்துக்குக் குழாய் எதற்கு என்று நகராட்சி கேட்கும். "எதைப் படிச்சா இந்த முடிச்சை அவிழ்க்கலாம்னு தெரியலை அக்கா. அதான் ரெண்டையும் படிச்சேன்" என்றாள். நகராட்சிக் கூட்டத்துக்கு அவள் அப்பா ஒருமுறை போனாராம். எல்லாரும் வந்தாயிற்று, ஆரம்பிக்கலாம் என்று தலைவர் சொன்னபோது அவர் படியேறிக்கொண்டிருந்தாராம். மலை இருட்டிவிட்டது. அம்மா எழுந்துபோய் அவளுக்கு ஒரு தம்ளர் காபி கொண்டு வந்து வைத்தாள்.

உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகும் வழியில் உள்ளே திரும்பினால் ஒரு ஊர். ஊர்ப்பெயரும் வேண்டாம். அந்தப் பக்கத்து ஊர்கள் எதற்கும் அது பொருந்தும். அங்கே பெண்கள் பால் குழு ஒன்றுக்கு, பாலைக் கெடாமல் குளிர வைக்கிற பெரிய டேங்க் ஒன்று எங்கள் டிரஸ்ட் மூலமாக வருவதாக இருந்தது. டேங்க் வந்துவிட்டால் சைக்கிள் வியாபாரி சொன்னதே விலை என்று நிற்க வேண்டாம், நகரத்துப் பால் லாரி நேராக ஊருக்கு வரும். அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யக் கோயில் முன்னால் ஊர் கூடுகிற மந்தையில் கூட்டம் போட்டிருந்தார்கள்.

குழுத்தலைவி பாண்டியம்மாள். நல்ல ஆகிருதி. குழு வேண்டாம் என்று சொன்ன புருஷனை எதிர்த்து நின்று அதை நடத்திக் காட்டியவள். எங்களுக்கு ஆளுக்கொரு இளநீர் வெட்டி வைத்திருந்தாள். மாடிப்புள்ளையின் பின்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "ஆத்தாடி, இத முடிக்க எம்புட்டு நேரமாகும்!" என்று அதிசயப்பட்டாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவள் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"யாரு இன்னும் வரலை?"

"எல்லாரும் வந்தாச்சு தாயி. ஒரு வீடு பாக்கியில்ல" என்றாள் பாண்டியம்மாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் எல்லாரும் வந்திருந்தார்கள். நானும் அப்படியே மொழிபெயர்த்தேன். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நடந்தபோது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வைக்கோல் போர்களும் வேப்பமர நிழலில் மாடுகளும் தெரிந்தன. இவள் நின்றுவிட்டாள்.

"அது யாரு மாடு?"

"அது காலனி மாடு" என்றாள், வழியனுப்ப வந்த பாண்டியம்மாள்.

"அங்கே பால் கறக்க மாட்டாங்களா?"

"கறப்பாக. கறந்து சைக்கிள்காரனுக்கு ஊத்துவாக. அவுக இங்கன வரமாட்டாக தாயி. மந்தைக்கெல்லாம் அவுக வாரதில்ல."

"கூப்பிட்டீங்களா?" என்று இவள் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். பாண்டியம்மாள் இவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "ஏன் மேடம், உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விவரம் தெரியாத பிள்ளைக்கு நீயாவது எடுத்துச் சொல் என்கிற மாதிரி சொன்னாள்.

மறுவாரம் நாங்கள் வாய்க்காலைத் தாண்டிப் போனோம். முதல் வீட்டில் ஜோதி என்று ஒரு பெண் பால் கறந்துகொண்டிருந்தாள். "தள்ளி நில்லுங்க, செவலைக்குப் புது ஆளக் கண்டாக் கூச்சம்" என்று எங்களை அதட்டினாள். கறந்து முடிக்கும் வரைக்கும் ஓரமாக நின்றோம். செவலை என்றது அவளுடைய சிவப்புக் கறவைப் பசுவை. புருஷன் திருப்பூரில். ஒரே மகள் நர்சிங் படிக்கிறாள். சைக்கிள்காரன் வந்தால் பால் காசாகும், வராத நாளில் திரிந்து போகும்.

"பொங்கல் வரைக்கும் பாப்பேன்" என்றாள் ஜோதி. "இப்புடியே போச்சுன்னா செவலையச் சந்தைக்கு ஓட்டிருவேன். வேற வழி? அவ படிப்பு மொத்தமும் இந்த மடியிலதான் இருக்கு. இதுவும் போச்சுன்னா அவளும் பனியன் கம்பெனிக்குத்தான் போகணும்."

டேங்க் பற்றி இவள் சொன்னாள். ஜோதி செவலையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அடுத்த கூட்டத்துக்கு வர முடியுமா என்று கேட்டதற்கு, "வாரேன்" என்றாள். எங்கள் பக்கத்தில் வாரேன் என்பதற்கு வருகிறேன் என்று மட்டும் அர்த்தமில்லை, இப்போதைக்கு நீ கிளம்பு என்றும் அர்த்தம். அதை நான் இவளுக்குச் சொன்னேன். இவள் நம்பவில்லை.

ஜோதி வரவில்லை. மந்தையில் அத்தனை பேர் முன்னால் இவள், "ஜோதி இன்னும் வரலை" என்று சொல்லிக் காத்திருந்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் அப்படியே கலைந்தது. மறுநாள் வாய்க்காலைத் தாண்டிப் போனால் ஜோதி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உன்ன யாரு எம்பேரச் சொல்லச் சொன்னது? நீ பிளேன் ஏறிப் போயிருவ. நான் நூறுநாள் வேலைக்கும் வாய்க்காத் தண்ணிக்கும் அவுக மூஞ்சிலதான முழிக்கணும்? அங்கன வந்து எங்கிட்டு உக்காருவேன்? சொல்லு, எங்கிட்டு உக்காருவேன்?"

மொழிபெயர்க்கலாமா என்று நான் தயங்கினேன். தேவைப்படவில்லை. இவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "என் தப்பு அக்கா" என்றாள் தமிழில். ஜோதி உள்ளே போய்விட்டாள். எனக்கும் பாவமாக இருந்தது. பஸ் உசிலம்பட்டியைக் கடந்த பிறகு, "வராதவங்களைக் கூப்பிட்டால் போதும்னு நினைச்சேன். நம்ம கூட்டம் போட்ட இடமே தப்பு" என்றாள்.

அந்த இடம் அவளுக்குக் கார்த்திகையில் அகப்பட்டது. மாட்டு டாக்டர் கோமாரித் தடுப்பூசி போட வருகிற நாள் அன்று தற்செயலாக நாங்கள் அங்கே இருந்தோம். ஊருக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் மேல்நிலைத் தொட்டி நிற்கிற பொட்டல். விடிந்தும் விடியாத நேரம், முட்டளவுக்குப் பனி. பனிக்குள்ளிருந்து மாடுகள் கொம்பு கொம்பாக வெளியே வந்துகொண்டே இருந்தன. ஊர் மாடு, காலனி மாடு, கன்றுக்குட்டி, கிழட்டு எருமை எல்லாம் ஒரே வரிசை. பாண்டியம்மாளின் கறுப்புப் பசுவுக்குப் பின்னால் செவலை நின்றது. பாண்டியம்மாள் திரும்பி, மடி வீக்கத்துக்கு என்ன போட்டே என்று ஜோதியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சோற்றுக்கத்தாழையும் மஞ்சளும் அரைத்துப் பூசியதாக ஜோதி சொன்னாள். இரண்டு பேருக்கும் அது ரொம்ப இயல்பான பேச்சாக இருந்தது.

மாடிப்புள்ள என் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் பார்த்தாள். "அக்கா, இங்க எல்லாரும் வந்துருக்காக" என்றாள். அவளுடைய தமிழ் அதற்குள் முழு மதுரைத் தமிழாகியிருந்தது. அந்தப் பனியில் அவள் நின்றதும், மாடுகளின் மூச்சு ஆவியாகப் போனதும் எனக்குக் கனவில் பார்த்தது போலத்தான் ஞாபகம் இருக்கிறது.

பொட்டலில் பூட்டிக் கிடந்த பஞ்சாயத்துக் கட்டடம் ஒன்று இருந்தது. அப்புறம் அவள் படித்த இரண்டு படிப்பும் வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்தேன். யூனியன் ஆபீசில் தினமும் போய் உட்கார்ந்து, விதியைக் காட்டி, சலிக்காமல் சிரித்து, அந்தக் கட்டடத்தைக் குழுவுக்கு வாங்கினாள். பாண்டியம்மாளிடம் விதியைப் பற்றிப் பேசவே இல்லை. கோடை வந்தால் ஊர்ப் பால் மட்டும் டேங்கில் பாதிகூட நிற்காது, பாதி டேங்குக்காக லாரி வராது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பாலும் சேர்ந்தால்தான் நிறையும் என்று மட்டும் சொன்னாள். வியாபாரத்தில் பாண்டியம்மாளுக்குக் கற்பூர புத்தி. சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டாள். இடத்துக்குச் சரி என்றாள்.

"ஆனா அவுக பாலுக்குத் தனிக் கேன் வச்சுக்கிருவோம். அம்புட்டுத்தான்" என்றாள்.

டைரக்டர் சாருக்கு இதுவே பெரிய வெற்றி. தனிக் கேனோ எதுவோ, முதலில் ஆரம்பிக்கட்டும், இல்லாவிட்டால் டேங்க் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று பயந்தார். அந்தப் பயம் நியாயமானதுதான். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. இரண்டு கேன் பாலும் கடைசியில் ஒரே லாரியில்தான் ஊற்றப்படும். ஊர் எல்லை வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், உசிலம்பட்டி தாண்டியதும் உறவு கொண்டாடப் போகிற பால்.

இவள் யாருக்கும் பதில் சொல்லாமல் ஜோதியிடம் போனாள். இந்த முறை தனியாக, சத்தமில்லாமல் கேட்டாள். தனிக் கேன் என்றால் டேங்க் வரும், வேண்டாம் என்றால் வராமலே போகலாம், என்ன செய்யலாம்?

"தனிக் கேன்னா நான் வாரல" என்றாள் ஜோதி. "செவலைய வித்துட்டுப் போறேன். எம்பொண்ணு நாளைக்கு எல்லாருக்கும் ஊசி போடப் போறவ. அவளுக்கு நான் இந்தக் கேன் பாலு குடுத்தா படிக்க வச்சேன்னு சொல்லணும்?"

அதை இவள் அப்படியே பாண்டியம்மாளிடம் சொன்னாள். பாண்டியம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "சரி, பாப்போம்" என்றாள். சம்மதமா மறுப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. டேங்க் வந்து இறங்கியது.

பொங்கலுக்கு முந்தின வாரம், முதல் நாள். இருட்டு பிரிவதற்கு முன்பே போய்விட்டோம். வாசலில் கோலம் போட்டு, டேங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பனிக்குள்ளிருந்து பெண்கள் தூக்குவாளியோடு ஒவ்வொருவராக வந்தார்கள். பாண்டியம்மாளின் மருமகள் மேஜைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொருவர் பாலிலும் தண்ணீர்க் கலப்பைக் காட்டுகிற டிகிரிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்து, சத்தமாகச் சொல்லி, டேங்கில் ஊற்றினாள். வாய்க்கால் பக்கமிருந்து யாரும் வரவில்லை. மாடிப்புள்ள உள்ளே போகாமல் என்னோடு வாசலோரம் நின்றாள். அன்று அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியாக ஜோதி வந்தாள். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் காலனிப் பெண்கள் சிலர் தூரத்தில், தொட்டியின் தூண் பக்கம், என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அலுமினியக் கேனை எடுத்து, டிகிரி பார்க்காமலே ஜோதியின் பாலை அதில் ஊற்றி ஓரமாக வைத்தாள். புத்தம் புதுக் கேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு அடி எடுத்து வைத்தேன். மாடிப்புள்ள என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அப்படி ஒரு பிடியை நான் அவளிடம் எதிர்பார்க்கவில்லை.

ஜோதி அந்தக் கேனைப் பார்த்தாள். எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். கேனை இரண்டு கையாலும் தூக்கினாள். டேங்க் திறந்திருந்தது. ஊரின் அத்தனை வீட்டுக் காலைப் பாலும் அதில் கிடந்தது. ஜோதி அவசரப்படாமல், சிந்தாமல், கேனைச் சாய்த்து அதற்குள் ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழும் வரைக்கும் பிடித்திருந்தாள்.

யாரோ, "ஆத்தாடி" என்றார்கள். இனி இரண்டே வழிதான். டேங்கைத் திறந்துவிட்டு ஊர்ப் பால் முழுவதையும் பொட்டலில் ஓடவிட வேண்டும், அல்லது மூடிக் குளிர வைக்க வேண்டும். இப்படியே நின்றுகொண்டிருந்தால் எல்லாமே திரிந்துவிடும்.

பாண்டியம்மாள் எழுந்து வந்தாள். டேங்குக்குள் எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மாடிப்புள்ளையின் விரல்கள் என் கையில் இறுகிக்கொண்டே போயின. பாண்டியம்மாள் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள்.

"ஏன்டி, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற? லாரி வந்துரும். மூடிட்டுச் சுவிச்சப் போடு."

மோட்டார் ஓட ஆரம்பித்தது. ஜோதி வெறும் கேனை மேஜையில் வைத்தாள்.

"நாளைக்கு எம்பாலுக்கும் டிகிரி பாத்துட்டு ஊத்து" என்றாள் மருமகளிடம்.

"சரிக்கா" என்றாள் மருமகள். சொன்ன பிறகுதான் மாமியார் பக்கம் திரும்பினாள். பாண்டியம்மாள் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மாடிப்புள்ள என் கையை விட்டாள். நான் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜோதி வாசலுக்கு வந்தாள். தன் வேலை முடிந்த மாதிரி, மாடிப்புள்ள சுவரோடு சுவராக ஒதுங்கி, அவளுக்கு வழிவிட்டு நின்றாள்.